தனிநிலைக் கல முகவரி

விரிதாள் சூத்திரத்தை எந்தக் கலத்துக்கு நகலெடுத்தாலும் மாறாமல் ஒரே கலத்தைச் சுட்டி நிற்கும் முகவரி தனிநிலைக் கல முகவரி எனப்படும். நெடுவரிசை எழுத்துக்கு முன்னும் கிடைவரிசை எண்ணுக்கு முன்னும் டாலர் குறியிட்டு, $இ$1 என எழுதுவது வழக்கம். அலுவலகங்களிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் அப்சல்யூட் ரெஃபரன்ஸ் என்ற பெயரே புழங்குகிறது. பேச்சில் 'டாலர் போடுவது', 'செல்லை லாக் பண்ணுவது' என்பார்கள். இந்தக் குறிக்கும் நாணயத்துக்கும் தொடர்பில்லை.

செயல்படும் முறை

விரிதாளில் பி2 என்று எழுதினால், நிரல் அதைத் தொலைவாகவே கொள்கிறது. சி2 கலத்தில் உள்ள சூத்திரத்துக்குப் பி2 என்பது இடப்பக்கத்துக் கலம். அச்சூத்திரத்தை ஒரு வரி கீழே நகலெடுத்தால் முகவரி பி3 ஆகிவிடும். நூறு பொருள்களின் விலைப் பட்டியலுக்கு ஒரே சூத்திரம் போதுமானதாக இருப்பது இதனால்தான்.

எல்லா வரிகளுக்கும் பொதுவான எண் ஒன்று வரும்போது இந்த இயல்பே தடையாகிறது. பி நெடுவரிசையில் விலைகளும் இ1 கலத்தில் 18 விழுக்காடு என்ற வரி விகிதமும் இருப்பதாகக் கொள்வோம். சி2 கலத்தில் =பி2*இ1 என்று எழுதிக் கீழே இழுத்தால், அடுத்த வரியில் அது =பி3*இ2 ஆகும். இ2 வெற்றுக் கலமானால் விடை சுழியம். அதில் எழுத்து இருந்தால் பிழைச் செய்தி. வேறு எண் இருந்தால் தவறான விடை, அதுவும் எச்சரிக்கை ஏதுமின்றி. =பி2*$இ$1 என எழுதினால் விலை மட்டும் வரிதோறும் மாறும்; விகிதம் இ1 கலத்திலேயே நிற்கும்.

தோற்றமும் வளர்ச்சியும்

தனிக் கணினி விரிதாளின் வரலாறு விசிகால்க்கில் தொடங்குகிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின் 1978இல் இதன் கருத்தை உருவாக்கினார்; பாப் ஃபிராங்ஸ்டன் நிரலை எழுதினார். 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த இதன் தாளில் 63 நெடுவரிசைகளும் 254 கிடைவரிசைகளும் இருந்தன.

விசிகால்க்கில் டாலர் குறி கிடையாது. சாய்கோட்டை அழுத்தி, பின் ஆர் விசையை அழுத்திச் சூத்திரத்தை நகலெடுக்கத் தொடங்கினால், அதிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் காட்டி நிரல் கேள்வி கேட்கும். மாற்றம் வேண்டாமென்றால் என், இடத்துக்கேற்ப மாறவேண்டுமென்றால் ஆர் என்று பயனர் விடை தர வேண்டும். முகவரி தனிநிலையா சார்புநிலையா என்பது சூத்திரத்தின் பண்பாக இல்லாமல், நகலெடுக்கும் நொடியில் எடுக்கும் முடிவாகவே இருந்தது. எழுதிய சூத்திரத்தைப் பார்த்து அந்த முடிவை அறிய முடியாது. மறுமுறை நகலெடுத்தால் மறுபடியும் கேள்விகள்.

மைக்ரோசாஃப்ட் 1982இல் வெளியிட்ட மல்டிபிளான் இவ்வேறுபாட்டைச் சூத்திரத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. இதில் ஆர் கிடைவரிசையையும் சி நெடுவரிசையையும் குறிக்கும். ஆர்1சி5 என்பது தனிநிலை. ஆர்[-1]சி என்பது அதே நெடுவரிசையில் ஒரு வரி மேலே உள்ள கலம். நகலெடுத்த சூத்திரங்கள் எல்லாக் கலங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருப்பதால், இடையில் யாரேனும் மாற்றிய சூத்திரம் தனித்துத் தெரியும். ஒழுங்கில் சிறந்த முறைதான். ஆனால் வாசிக்கக் கடினமானது.

மிட்ச் கேப்பர் நிறுவிய லோட்டஸ் நிறுவனத்தின் 1-2-3 நிரல் 1983 ஜனவரியில் ஐபிஎம் தனிக் கணினிக்கு வந்தது. நிரலை எழுதியவர் ஜொனாதன் சாக்ஸ். எழுத்தும் எண்ணும் சேர்ந்த பழைய முகவரியை வைத்துக்கொண்டே, மாறக்கூடாத பகுதிக்கு முன் டாலர் குறியிடும் முறையை இதுவே உலகெங்கும் பரப்பியது. டாலர் குறியை இடும் எஃப்4 விசைக்கு இதில் இட்ட பெயர், அப்சல்யூட் என்பதன் சுருக்கமான ஆப்ஸ். பெயரிட்ட கலங்களுக்கும் இதே விதிதான்: பெயருக்கு முன் டாலர் இட்டால்தான் அது தனிநிலை.

1985இல் மெக்கின்டாஷுக்கும் 1987இல் விண்டோசுக்கும் வந்த எக்செல், டாலர் முறையை முதன்மையாக ஏற்று, மல்டிபிளான் முறையை விருப்பத்தேர்வாக வைத்துக்கொண்டது. எக்செல் மேக்ரோ பதிவு செய்யும்போது சூத்திரங்களை இன்றும் ஆர்1சி1 வடிவில்தான் எழுதுகிறது.

வகைகள்

எழுத்து, எண் ஆகிய இரண்டில் எதற்கு முன் டாலர் வருகிறது என்பதைப் பொறுத்து முகவரிகள் நான்கு வகைப்படும்.

ஏ1: சார்புநிலை. இரண்டும் மாறும்.
$ஏ$1: தனிநிலை. இரண்டும் மாறா.
ஏ$1: கலப்புநிலை. நெடுவரிசை மாறும், கிடைவரிசை மாறாது.
$ஏ1: கலப்புநிலை. கிடைவரிசை மாறும், நெடுவரிசை மாறாது.

எக்செல்லில் சூத்திரத்தைத் திருத்தும்போது எஃப்4 விசையை அழுத்த அழுத்த, ஏ1இல் தொடங்கி $ஏ$1, ஏ$1, $ஏ1 என முகவரி சுழன்று பழைய நிலைக்கு வரும். மெக்கின்டாஷ் பதிப்பில் கமாண்டுடன் டி விசையும் இதே வேலையைச் செய்யும்.

கலப்புநிலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பெருக்கல் வாய்ப்பாடு. முதல் நெடுவரிசையிலும் முதல் கிடைவரிசையிலும் எண்களை எழுதி, பி2 கலத்தில் =$ஏ2*பி$1 என இட்டால், பத்துக்குப் பத்து வாய்ப்பாட்டின் 100 கலங்களையும் இந்த ஒரே சூத்திரம் நிரப்பிவிடும். ஒரு முனையை மட்டும் பூட்டிய வீச்சு, அதாவது கலங்களின் தொடர், இன்னொரு வடிவம். $பி$2:பி2 என்ற வீச்சைக் கூட்டும் சூத்திரத்தைக் கீழே இழுத்தால், ஒவ்வொரு வரியிலும் அதுவரையிலான மொத்தம் கிடைக்கும்.

வரம்புகள்

டாலர் குறி நகலெடுப்பிலிருந்து மட்டுமே காக்கும். முதல் வரிக்கு மேல் புதிய வரி ஒன்றைச் செருகினால் $இ$1 தானாகவே $இ$2 ஆகும்; விகிதம் இருக்கும் கலத்தை வெட்டி வேறிடத்தில் ஒட்டினாலும் முகவரி அதைப் பின்தொடரும். தாளில் எது நேர்ந்தாலும் இ1 என்ற இடத்தையே சுட்ட வேண்டுமானால், முகவரியை எழுத்துச் சரமாகத் தரும் இன்டைரக்ட் சார்பு தேவை.

தேடல் சார்பான விலுக்கப்பில் அட்டவணை வீச்சைப் பூட்டாமல் விடுவது அடிக்கடி நேரும் பிழை. கீழே போகப்போக வீச்சும் நழுவுவதால், அட்டவணையின் மேல்வரிகள் தேடலுக்கு அகப்படாமல் போகின்றன. நிபந்தனை வடிவமைப்பில் இதற்கு நேர்மாறு: கலத்தைச் சொடுக்கித் தேர்ந்தால் எக்செல் தானே டாலர் குறிகளை இட்டுவிடுகிறது, நீக்க மறந்தால் எல்லா வரிகளும் ஒரே கலத்தைப் பார்த்து நிறம் மாறும்.

இன்றைய நிலை

லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் தாள்கள் ஆகியனவும் டாலர் முறையையே பின்பற்றுகின்றன; கால்க்கில் தாளின் பெயருக்கு முன்னும் டாலர் இடலாம். பெயரிட்ட கலங்கள், எக்செல் 2007 முதல் வந்த அட்டவணை முகவரிகள், ஒரே சூத்திரம் பல கலங்களில் விடை பரப்பும் அண்மைக்கால வசதி ஆகியவை டாலர் குறியின் தேவையைக் குறைத்துள்ளன. எக்செல்லில் பெயரிட்ட கலம் இயல்பாகவே தனிநிலையில் அமைவதால், பலர் கையாளும் பெரிய கோப்புகளுக்குப் பெயரிடுவதே சிறந்தது.