சேமநிதியில் எழுதிய கல்லூரிக் கணக்கு

பினாங்கின் செபராங் பிறையிலுள்ள சுங்கை பாக்காப் கரும்பால் வளர்ந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீ லாய் ஹுவாட் என்ற சீனர் இங்கே கரும்பு பயிரிட்டு ஊரை எழுப்பினார். செபராங் பிறைத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள், கரும்புக்குப் பின் ரப்பரிலும், ரப்பருக்குப் பின் செம்பனையிலும் உழைத்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களைத் தமிழ்ப் பள்ளி நடத்த வைத்தது. அந்தக் கடமை ஆரம்பக் கல்வியோடு முடிந்தது. அதற்கு மேல் படிக்க வைப்பது பெற்றோர் பாடு.

1969இல் பினாங்கிலேயே ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது; இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அதுதான். ஆனால் 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அரசுப் பல்கலைக்கழக இடங்கள் இன ஒதுக்கீட்டின்படி நிரப்பப்பட, இடம் கிடைக்காத இந்திய, சீனப் பிள்ளைகள் கடல் கடந்தார்கள். 1980இல் பிரிட்டன் வெளிநாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டணம் வாங்கத் தொடங்கியதும், வசதியுள்ள வீடுகளுக்கே அந்தப் பாதை கடினமாயிற்று.

தனியார் கல்லூரிகள் பெருகியது அதன் பிறகுதான். சில ஆண்டுகள் இங்கே, மிச்சம் வெளிநாட்டில் என்ற இரட்டைப் படிப்புகள் வந்தன. பினாங்குத் தீவில் டிஸ்டெட் கல்லூரி 1987இல் தொடங்கியது. 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டம் தனியார் பல்கலைக்கழகங்களுக்கே வழிவிட்டது. மறு ஆண்டே நாணய நெருக்கடி. டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்த மதிப்பு சரிந்து, 1998 செப்டம்பரில் 3.80 என்று கட்டப்பட்டது. வெளிநாட்டில் ஓராண்டு படிப்பதே எட்டாக்கனியானபோது, முழுப் பட்டத்தையும் உள்ளூரிலேயே முடிக்கும் 'மூன்று கூட்டல் பூஜ்யம்' திட்டம் வந்தது.

2001இல் இந்த வட்டாரத்துக்கு இரண்டு கதவுகள் ஒருசேரத் திறந்தன. பேராக்கின் துரோனோவிலிருந்து அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் அருகிலுள்ள நிபோங் திபாலுக்கு வந்தது. வடக்கே கெடாவில், மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) கல்விக் கரமான எம்.ஐ.இ.டி., ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. முன்னது அரசு மானியத்தில் நடப்பது, நுழைவதுதான் கடினம். பின்னது தமிழ்ப் பிள்ளைகளும் மருத்துவராகலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது; ஆனால் மருத்துவப் படிப்பின் கட்டணத்தைச் சம்பளத்திலிருந்து கட்ட எந்தத் தோட்டக் குடும்பத்தாலும் முடியாது. தீபகற்பத்தில் 2013இல் முதன்முறை வந்த குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 900 வெள்ளிதான்.

பிறகு எப்படிக் கட்டினார்கள்? 1997இல் உருவான பி.டி.பி.டி.என். கல்விக்கடன் ஒரு பகுதியைத் தாங்கியது. மிச்சத்துக்கு ஊழியர் சேமநிதி இருந்தது. பிள்ளையின் மேற்படிப்புக்காகப் பெற்றோர் தங்கள் சேமநிதியின் ஒரு பகுதியை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஓய்வூதியம் இல்லாத உழைப்பாளிக்கு அந்தப் பணம்தான் முதுமைக்கான சோறு. கல்லூரிக் கட்டணச் சீட்டில் இந்தச் செலவு ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

அங்கீகாரம் உள்ள படிப்பு, முடித்தவரை வேலையில் அமர்த்துகிற தொழில் என்று அமைந்த வீடுகளில் அந்தச் சேமநிதி ஒரு தலைமுறையின் நிலையையே மாற்றியது. பாதியில் நின்ற படிப்பும் வேலை தராத டிப்ளோமாவும் வாய்த்த வீடுகளில், பிள்ளைக்குக் கடன் மிஞ்சியது, தகப்பனுக்கு வெறும் கணக்குப் புத்தகம் மிஞ்சியது.

இன்று அருகிலுள்ள பத்து காவானிலேயே தனியார் வளாகம் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம், விடுதிச் செலவு மிச்சம். ஆனாலும் முன்பணம் கட்டுமுன், அரசுப் பள்ளியின் ஆறாம் படிவத்தையும் பெர்மாத்தாங் பாவ் பாலிடெக்னிக்கையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட வேண்டும். படிப்புக்கு மலேசியத் தகுதி முகவாண்மையின் (எம்.கியூ.ஏ.) அங்கீகாரம் உண்டா, கடைசி ஆண்டுவரை மொத்தக் கட்டணம் எவ்வளவு என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில், விளம்பரத் தாள்கள் வீடு வந்து சேருமுன், தமிழிலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட ஆள் தேவை. அந்த வேலையை நம் பள்ளிகளும் கோயில் மண்டபங்களும் சங்கங்களும் இந்த ஆண்டே எடுத்துச் செய்யலாம்.