மீட்பு என்னும் சொல்லும் நம் முன்னோர் கொண்ட நம்பிக்கையும்

மீட்பு என்பது நம் மக்கள் கோயிலில் கற்ற சொல் அன்று. அடகு வைத்த நகையை மீட்டல், ஒற்றி வைத்த நிலத்தை மீட்டல், கடனுக்காகப் பண்ணையத்தில் விட்ட மகனை மீட்டல் என்று வாழ்க்கையே அவர்களுக்கு அச்சொல்லைக் கற்பித்தது. கிறித்துவ சமயம் தன் தலையாய செய்தியை இதே சொல்லால் கூறியபோது, அதனைக் கேட்ட பண்ணையாள் எதனை எதிர்நோக்கியிருப்பான் என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

நாம் வெள்ளி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் 'ஜூபிலி' என்ற சொல்லின் பிறப்பையும் அறிதல் நலம். அது எபிரேய மறையிலிருந்து வந்தது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் ஒவ்வோர் ஐம்பதாம் ஆண்டையும் ஜூபிலி ஆண்டாக வகுக்கின்றது. அவ்வாண்டில் விற்கப்பட்ட நிலம் பழைய உரியவனிடம் திரும்ப வேண்டும். வறுமையால் ஆட்பட்டவன் தன் குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும். அதற்கு முன்னரே நெருங்கிய உறவினன் விலை கொடுத்து நிலத்தையும் ஆளையும் மீட்கலாம். அவ்வுறவினனைக் குறித்த எபிரேயச் சொல்லே பின்னர்க் கடவுளுக்கு 'மீட்பர்' என்னும் பெயராயிற்று. வேற்றினத்து அடிமைகளுக்கு இவ்வுரிமை அளிக்கப்படவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் மீட்பு என்பது முதலில் மண்ணையும் மனிதனையும் பற்றியதாகவே இருந்தது என்பது தெளிவு. (ஐம்பதாம் ஆண்டின் பெயரை நாம் இருபத்தைந்தாம் ஆண்டுக்கே சூட்டிக்கொண்டோம், பொறுத்தது போதும் என்று எண்ணினோம் போலும்!)

நம்பிக்கை என்ற சொல்லோ இருபுறமும் கூருடையது. கண்ணுக்குத் தெரியாததைப் பொறுமையுடன் எதிர்நோக்குதலே நம்பிக்கை என்று பவுல் எழுதினார். பொறுமையை மட்டும் பிரித்தெடுத்து ஏழைக்குப் போதிப்பவர்கள் எக்காலத்திலும் உளர். நம் முன்னோர் அதனை அவ்வாறு கொள்ளவில்லை என்பதற்கு வரலாறே சான்று.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் வழியாகக் கேள்வியுற்றிருப்போம். இராசிபுரம் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 19,66,995 மக்கள் இருந்தனர். 1881-இல் 15,99,595 பேரே எஞ்சினர். 1827 முதல் சேலத்தில் இலண்டன் மிஷன் பணியாற்றி வந்தது. ஆயினும் அப்பஞ்சம் நம்பிக்கையின் பொருளைச் சோதித்த களம் என்று கூறத்தக்கது, அன்று இதே மாகாணத்தில் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஒங்கோல் ஆகும். அங்குள்ள மாதிகர், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நம் அருந்ததிய மக்களுக்கு மொழியாலும் தொழிலாலும் நெருங்கியவர்கள்.

அமெரிக்க பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜான் கிளாஃப் 1866-இல் ஒங்கோலில் குடியேறினார். அவரைத் தேடிச் சென்றவர் யெர்ரகுண்ட்ல பேரய்யா என்னும் மாதிகர். மிஷனரி அவரைக் கண்டுபிடிக்கவில்லை; அவரே மிஷனரியைக் கண்டடைந்தார். ஊர் ஊராகச் சென்று தம் இனத்தாரிடம் செய்தியைப் பரப்பியவரும் அவரே. மாதிகர் சேர்க்கப்பட்டதும் உயர்சாதி மாணவர் மிஷன் பள்ளியை விட்டு விலகினர். பஞ்சம் வந்தபோது பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தைக் கிளாஃப் ஏற்று, பட்டினி கிடந்தோர்க்குக் கூலி வேலை அளித்தார். சோற்றுக்காக மதம் மாறினர் என்ற பழி வரக் கூடாதென்று, நிவாரண வேலை நடந்த காலமெல்லாம் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். வேலை முடிந்தது, கூலியும் நின்றது. அதன் பின்னரும் மக்கள் வந்தனர். 1878 ஜூலை 3-ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

அவர்கள் வயிற்றுக்காக வரவில்லை என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டுவர். வயிற்றுக்காகவும் வந்தனர் என்பதே என் கருத்து. அதில் இழிவு யாது? உண்டு உடுத்தவர் மட்டுமே ஆன்மாவைத் தனியே பிரித்துப் பேச இயலும். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளும் விடுதலையையும் உணவையும் சேர்த்தே கேட்டனர்.

செங்கற்பட்டுப் பகுதியில் இவ்வுண்மை இன்னும் வெளிப்படையாயிற்று. அங்கு மிஷனை நாடிய பறையர் மக்கள் வழிபாட்டுக் கூடத்தோடு நிலமும் பள்ளியும் கேட்டனர். புறம்போக்கும் தரிசும் கிடந்தும், மிராசுதாரரின் முன்னுரிமை அவர்களுடைய விண்ணப்பங்களுக்குத் தடையாக நின்றது. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிமார் அக்கோரிக்கையை அரசின் முன் வைத்தனர். ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பத்தாண்டு வரை விற்கலாகாது. பின்னரும் தாழ்த்தப்பட்டோரல்லாதார்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. இன்றும் பஞ்சமி நிலம் என்று நாம் போராடிக் கேட்பது இதுவேயாகும். ஆணை பிறந்த கதையில் மிஷனரியின் பெயர் நிலைத்தது. அவரிடம் முதலில் வாய்திறந்து கேட்ட படியாளின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

திருச்சபைக்குள்ளும் மீட்பு எளிதாக வரவில்லை. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபையில் சாதி வேறுபாட்டை விடுமாறு ஆணையிட்டபோது, தஞ்சைப் பகுதி வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டே விலகினர்.

அரசியலமைப்பு வந்த பின் தடை வேறு உருவில் வந்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதாரைப் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பார், தம்மொத்த தொழிலாளர்க்கு அரசு இலவசமாக அளித்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லையென்று 1985-இல் அவர் மனு தள்ளப்பட்டது. 2004-இல் வேறு சிலர் அதே வினாவை உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் எழுப்பினர். இருபது ஆண்டுகள் கடந்தும் அவ்வழக்கு தீர்ப்பைக் காணவில்லை.