ஊர்க்காவலும் வீட்டுத் துப்பாக்கியும்

நாமகிரிப்பேட்டைக்கு ஒருபுறம் போதமலை, இன்னொருபுறம் கொல்லிமலை. நடுவில் மஞ்சளும் மரவள்ளியும் விளையும் தோட்டங்கள், கிணற்றை ஒட்டியே வீடுகள். பிள்ளைகள் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விட, அந்த வீடுகள் பலவற்றில் வயதான இருவர் மட்டுமே இரவைக் கழிக்கிறார்கள். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். 2025-இல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி அதே போலக் கொல்லப்பட்டார்கள். தனித்திருக்கும் வீடுகளுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள் என்ற குரல் கொங்கு நாட்டில் எழுந்தால், அதை வெறும் ஆவேசம் என்று ஒதுக்க முடியாது. பயம் உண்மையானது. ஆனால் அந்தக் குரலுக்குள், முன்பு நம்மிடம் இருந்த ஆயுதத்தை வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்டான், அதனால்தான் வீடு காவலற்றுப் போனது என்று ஒரு வரலாற்று நம்பிக்கையும் கலந்திருக்கிறது. அதில் பாதிதான் சரி. ஆயுதம் பறிபோனது உண்மை. ஆனால் இந்தச் சமவெளியில் வீட்டைக் காத்தது அந்த ஆயுதம் அல்ல.

சேலம், தருமபுரி வட்டாரங்களில் நிற்கும் நடுகற்களைப் பார்த்தால் இது விளங்கும். ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்கும், ஊர் அழிந்தபோது எதிர்த்து நின்று விழுந்தவனுக்கும் ஊர் எடுத்த கற்கள் அவை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்றொரு வரி வருகிறது. காவலுக்காக ஊர் கூடிக் கொடுத்த பணம் அது. பிற்காலத்தில் காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்தார்கள். களவு போனால் மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ அவர் பொறுப்பு. வாசலில் யார் எந்த ஆயுதத்தோடு நிற்கிறார் என்பதைவிட, களவு போனால் யார் பதில் சொல்வது என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

1792-இல் திப்புவிடமிருந்து சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. தெற்கே பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் சென்னை அரசு ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிக்கை விட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின் பிடி இன்னும் இறுகியது. இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டம், இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைக் கொல்லும் அளவுக்குத் தற்காப்பு உரிமை கொடுத்தது. அதே ஆண்டு வந்த 31-ஆம் சட்டம் ஆயுதம் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தி, ஆயுதம் களையும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. உரிமையை ஒரு கையால் கொடுத்து, கருவியை மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் உரிமம் என்ற முறையை நாடு முழுக்க நிலைநிறுத்தியது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு. அந்த அவமானம் ஆழமாகவே தைத்தது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் அந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரியது. 1930 ஜனவரியில் காந்தி முன்வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்பதும் ஒன்று.

அகிம்சையைப் போதித்தவரே கேட்டாரே என்று இதை எடுத்துக்காட்டுபவர்கள், அவர் உடன் சேர்த்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். அந்த உரிமம் மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனை. 1931-இல் காங்கிரஸின் கராச்சித் தீர்மானமும் ஆயுத உரிமையை ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டே சொன்னது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் காமத் ஆயுதம் ஏந்தும் உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. இன்று அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத்தான் தருகிறது. 1878 சட்டத்தில் காங்கிரசும் காந்தியும் எதிர்த்தது முதன்மையாக இனப் பாகுபாட்டை என்றே நான் படிக்கிறேன். அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது.

அப்படியானால் இந்த அடிவாரத்தில் துப்பாக்கியே இல்லையா? இருந்தது, இருக்கிறது. கொல்லிமலையிலும் கல்வராயன், சவ்வாது மலைகளிலும் நாட்டுத்துப்பாக்கி பழகிய பொருள். அதை நிரப்பும் விதத்தைப் பார்த்தாலே அது எதற்கானது என்று தெரிந்துவிடும். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்தைக் குழல் வாய் வழியாகக் கொட்ட வேண்டும். மேலே நாரோ துணியோ வைத்துக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு ஈயக்குண்டு, மறுபடி அடைப்பு, மறுபடி இடி. கடைசியில் கேப் வைத்துச் சுத்தியலை இழுக்க வேண்டும். ஒரு வெடி, அவ்வளவுதான். மழை ஈரம் பட்டால் அதுவும் இல்லை. பரண் மேல் உட்கார்ந்து, மரவள்ளிக் கிழங்கைத் தோண்ட வரும் காட்டுப்பன்றிக்காக விடிய விடியக் காத்திருப்பவனுக்கு இது போதும். நள்ளிரவில் கதவு உடையும் சத்தம் கேட்டு எழும் எழுபது வயதுக்காரருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. அதன் 13-ஆவது பிரிவு, வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்கென்று தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உரிமமில்லாத துப்பாக்கிகளை இந்தத் தேதிக்குள் ஒப்படைத்தால் வழக்கில்லை என்று மலைக் கிராமங்களில் போலீஸ் அவ்வப்போது அறிவிப்பதுண்டு. அப்போது வந்து சேர்பவையும் பெரும்பாலும் இந்த வேட்டைத் துப்பாக்கிகளே.

நல்ல தோட்டாத் துப்பாக்கியே கொடுத்தால் என்ன, குடகில் வீட்டுக்கு வீடு இல்லையா என்று கேட்கலாம். குடகர்களுக்கு ஆங்கிலேயர் கொடுத்த விலக்கு இன்றும் தொடர்கிறது, உண்மை. ஆனால் அங்கே துப்பாக்கி குடும்பத்தோடும் நிலத்தோடும் கைல்போது பண்டிகையோடும் பிணைந்தது. வழிவழியாகப் பழக்கும் ஒரு சமூகம் அதன் பின்னால் நிற்கிறது. மனு போட்டு வாங்கி அலமாரியில் பூட்டி வைத்த துப்பாக்கிக்கு அந்தப் பின்புலம் கிடையாது. அலமாரியில் அது இருப்பது உள்ளூரில் பலருக்கும் தெரிந்திருக்கும். திருட வருபவன் முதலில் தேடும் பொருளும் அதுவாகிவிடலாம். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் தன் வீட்டிலேயே பவாரியா கொள்ளைக் கும்பலால் கொல்லப்பட்டார். அந்தக் கும்பல் துப்பாக்கியோடு வந்தது. நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் பல ஆண்டுகள் நீடித்த அந்தப் பயம் எப்படி அடங்கியது? காவல் அதிகாரி ஜாங்கிட் தலைமையிலான தமிழகப் போலீஸ் வட மாநிலங்கள் வரை போய்த் தேடிப் பிடித்ததால் அடங்கியது.

பழைய காவல் முறையை இவ்வளவு புகழலாமா என்ற மறுப்பு இதைவிட வலுவானது. காவல்காரரே களவு செய்வதும், திருடிய மாட்டைத் துப்புக்கூலி வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதும் நடந்தன. சாதியும் அதில் கலந்திருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர யாரும் கேட்கக் கூடாது. ஆனால் ஆங்கிலேயர் அதைச் சீர்திருத்தவில்லை, குற்றமாக்கினார்கள். 1911-க்குப் பின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் பரவியபோது, சில இடங்களில் காவலும் பார்த்துவந்த குறவர்கள் பிறவித் திருடர் பட்டியலில் ஏறினார்கள். சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்ற பெயர்கள் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் நிற்கின்றன. 1947-இல் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது, தழும்பு ஒழியவில்லை. எஞ்சியிருந்தது ஊர்க் காவலரான தலையாரி. 1980-இல் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது சரியான செயல். ஆனால் அதன்பின் தலையாரி கிராம உதவியாளராகி, வருவாய்த் துறைக் கோப்போடு நடக்கத் தொடங்கினார். இரவுக் காவல் கிராமத்தில் யார் பெயரிலும் எழுதப்படவில்லை. அதே காலத்தில்தான் மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் ஊருக்குள் இருந்த குடும்பங்களைத் தோட்டத்துக்கு இழுத்தன. ஊர் கூடியிருந்தபோது காவல் இருந்தது. வீடுகள் சிதறியபோது காவலும் போய்விட்டது.

ஆகவே நாமகிரிப்பேட்டைத் தோட்டத்து வீட்டுக்காரர் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவில் துப்பாக்கி உரிமத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. தோட்டங்களைத் தொட்டுச் செல்லும் இரவு ரோந்துக்கு ஒரு வழித்தடம் வேண்டும். தனித்திருக்கும் முதியோரின் பட்டியல் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும். எந்த இரவில் எந்தக் காவலர் வந்தார் என்று கையெழுத்திடும் ஏடு ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும். ஊர் சம்பளம் கொடுத்துப் பயிற்சி பெற்ற காவலரை அமர்த்தினால், எந்தச் சாதியாரும் அந்த வேலைக்கு வரலாம் என்று எழுதிவைக்க வேண்டும். களவு போனால் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்று அந்த ஏற்பாட்டில் பெயரோடு இருக்க வேண்டும்.