மூடிய ஹெட்ஃபோன் பிறந்த கதை

ஒலிப்பதிவு முடிந்த பிறகு வாத்தியங்களை எல்லாம் அணைத்துவிட்டுக் குரலை மட்டும் ஓடவிட்டால், சில நேரம் ஒரு திருட்டுச் சத்தம் மாட்டும். பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் ‘டிக், டிக்’ என்று கேட்கும். தாளம் பிசகாமலிருக்க அவர் காதில் கொடுத்த க்ளிக், ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து எதிரே இருக்கும் மைக்கில் ஏறிவிட்டது. ஸ்டுடியோக்காரர்கள் இதை ‘லீக்’ என்பார்கள். குரலோடு கலந்துவிட்ட லீக்கைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பல நேரம் மறுபடி பாட வேண்டியதுதான்.

பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன் ஸ்டுடியோவில் நிலைத்ததற்குக் காரணம் இந்தத் தொல்லை. காதுக்கு இனிமையாக ஒலிப்பது அதன் முதல் வேலை அல்ல. உள்ளே ஓடுவது வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது. மாடல்களை ஒப்பிடுகிறவர்கள் இதை விட்டுவிட்டு, ‘இதில் பாஸ் நன்றாக இருக்கிறது, அதில் ட்ரெபிள் நன்றாக இருக்கிறது’ என்று தொடங்குகிறார்கள். காசு வீணாவது அங்கேதான்.

தலையில் மாட்டும் ஒலிக்கருவிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின், 1910-ல் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஒன்றை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போய் ஆர்டர் வந்தது. சமையலறையில் அவரால் ஒரு நேரத்தில் பத்துக்கு மேல் செய்ய முடியவில்லை. கம்பியில்லாத் தந்திக்காரரின் காதில் மெல்லிய சமிக்ஞை தெளிவாக விழவேண்டும், அவ்வளவுதான் தேவை.

பாட்டுக்குப் பொருந்தும் கருவி வந்தது பெர்லினிலிருந்து. சினிமாக் கொட்டகைகளுக்கு ஒலிபெருக்கி செய்துகொண்டிருந்த ஆய்கன் பேயர், அதே கம்பிச்சுருளையும் காந்தத்தையும் சவ்வையும் காதளவுக்குச் சுருக்கி, 1937-ல் டி.டி. 48 என்ற ஹெட்ஃபோனை வெளியிட்டார். பின்பக்கம் உலோகத்தால் மூடியது. சினிமா வெளிப்புறப் படப்பிடிப்பில் நாக்ரா டேப் இயந்திரத்தோடு அலைந்த ஒலிப்பதிவாளர்களும், காது கேட்கும் திறனைச் சோதிக்கும் மருத்துவர்களும் அதை நம்பினார்கள். 2012 வரை, 75 ஆண்டுகள் அது உற்பத்தியில் இருந்தது.

ஆனால் பாடுகிறவரின் தலையில் அதை ஏற்றியது இன்னொரு பழக்கம். கிட்டார் கலைஞர் லெஸ் பால், 1940-களின் பிற்பகுதியில் தான் வாசித்ததன் மேலேயே மறுபடி மறுபடி வாசித்து அடுக்கத் தொடங்கினார். 1957-ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் 8 ட்ராக் டேப் இயந்திரமும் அவர் கைக்கு வந்தது. முதலில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டேதான் அடுத்ததைப் பதியவேண்டும். ஸ்பீக்கரில் போட்டால் மைக் அதையும் விழுங்கிவிடும். காதோடு காதாகக் கேட்பதற்கு ஹெட்ஃபோனை விட்டால் வேறு கதி இல்லை.

நம் கோடம்பாக்கத்தில் இந்த மாற்றம் மெதுவாக வந்தது. நெடுங்காலம் பாட்டு என்றால் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் கூடத்தில் உட்கார, பாடகர்கள் கண்ணாடிக்குப் பின்னால் வாய்ஸ் ரூமில் நிற்க, ஒரே டேக்கில் முடிய வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒரு வயலின் பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். டூயட் பாடும் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்துப் பாடினார்கள். பல ட்ராக் பதிவு பரவியதும் கூடம் மெல்லக் காலியாயிற்று. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் தன் வீட்டோடு பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. அதற்குப் பிறகு பாடகர் தனியாக வருவதும், இதுவரை சேர்ந்த ட்ராக்கைக் கேட்டுத் தன் பகுதியைப் பாடிவிட்டுப் போவதும் சர்வசாதாரணம். டூயட்டின் ஆண் குரல் ஒரு ஊரிலும் பெண் குரல் இன்னொரு ஊரிலும் பதிவாகின்றன. அந்தப் பாடகருக்கு ஆர்க்கெஸ்ட்ரா, கூடப் பாடுபவர், கைகாட்டும் கண்டக்டர் எல்லாமே தலையில் மாட்டியிருக்கும் இரண்டு கிண்ணங்கள்தான். இந்தப் பொருளை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் அதுதான்.

இடையில் ஒரு கிளை பிரிந்தது. 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர், பின்பக்கம் திறந்த எச்.டி. 414-ஐ மஞ்சள் நுரைத் திண்டோடு கொண்டுவந்தது. லேசானது, ஒலி தாராளமாகப் பரந்து விரியும், ஏராளமாக விற்றது. ஆனால் கேட்பவரின் காதில் ஓடுவது பக்கத்தில் இருப்பவருக்கும் நன்றாகக் கேட்கும். மைக்கின் முன்னால் அது ஆகாது. எனவே பாடும் அறையில் மூடியதே நின்றது.

மூடியதற்கென்று பிறவிக் குறைகள் உண்டு. சவ்வு முன்னால் தள்ளும் காற்று காதுக்குப் போகிறது. பின்னால் தள்ளும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. அது கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி, சில சுரங்களைத் தூக்கும், சிலவற்றை அமுக்கும். குடத்துக்குள் வாய்வைத்துப் பேசினால் வருமே, அந்த உப்பல் சாயல் மலிவான மாடல்களில் நன்றாகத் தெரியும். காதை அடைத்துக்கொண்டு பாடும்போது சொந்தக் குரலே மண்டைக்குள் பெரிதாக முழங்கும். அதனால்தான் பல பாடகர்கள் ஒரு பக்கக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்கிறார்கள். விவரமான எஞ்சினியர் அந்தப் பக்க ஒலியை உடனே அணைத்துவிடுவார். இல்லையென்றால் லீக்.

சிடி வந்த காலத்தில் இன்னொரு தேவை சேர்ந்துகொண்டது. டேப்பின் இரைச்சல் மறைந்ததும், அதுவரை அதன் அடியில் ஒளிந்திருந்த உதட்டுச் சத்தமும் வெட்டு ஒட்டுகளும் வெளியே தெரிந்தன. குற்றம் கண்டுபிடிக்கும் ஹெட்ஃபோன் வேண்டியிருந்தது. சோனி 1985-ல் எம்.டி.ஆர். வி6-ஐயும், 1989-ல் ஜப்பானிய ஸ்டுடியோக்களுக்கென்றே சிடி900எஸ்டி-யையும், 1991-ல் நீலக்கோடு போட்ட 7506-ஐயும் கொண்டுவந்தது. ஜெர்மனியிலிருந்து 1985-ல் பேயர் நிறுவனத்தின் டி.டி. 770 வந்தது. இவை இன்றும் ஸ்டுடியோக்களில் தொங்குகின்றன.

இப்படிப்பட்ட மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க எனக்கு வாய்த்த இடம் டெல்லி சரோஜினி நகர். அக்கா மகள் அங்கே ஒரு பழைய அரசுக் குடியிருப்பில் இருந்துகொண்டு, மாணவிகளுக்காகத் திருப்புகழ் பாடிப் பதிகிறாள். ஒலிப்பதிவுக்கு அதைவிடக் கஷ்டமான பேட்டை கிடைக்காது. துணிக்கடைக்காரர்களின் கூவல், ரிங் ரயில்வேயில் சரக்கு ரயிலின் ஹாரன், குடியிருப்புகளை இடித்துக் கட்டும் இயந்திரங்கள். திங்கட்கிழமை மார்க்கெட் விடுமுறை என்பதால் பதிவு எப்போதும் திங்கட்கிழமைதான்.

நான்கு மாடல்களை இரவல் வாங்கினோம். முதலில் நான்கின் சத்த அளவையும் ஒன்றாக்கினோம். சற்றே உரக்கக் கேட்பது எதுவானாலும் அதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். தம்புராவோடு அவள் பாடிய ஒரே வரியை மாற்றி மாற்றிக் கேட்டோம். 7506-ல் ‘ஸ’ கூர்மையாக முன்னால் வந்தது, நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தம்கூடத் தப்பவில்லை. டி.டி. 770-ல் தம்புராவின் மந்தரக் கம்பி உண்மையைவிடப் பெரிதாக விழுந்தது. அதன் வெல்வெட் திண்டு காதுக்கு அவ்வளவு சுகம். ஆடியோ டெக்னிகாவின் எம்50எக்ஸ்-ல் கீழும் மேலும் எடுப்பாக இருக்க, குரல் அரை அடி பின்னால் போயிற்று. சென்ஹைசர் எச்.டி. 280 ப்ரோ வறட்சியாக, அழகு சேர்க்காமல் ஒலித்தது.

பிறகுதான் முக்கியமான சோதனை. அவளை வாய் திறக்காமல் மைக் முன்னால் உட்காரவைத்து, க்ளிக்கை மட்டும் காதில் ஓடவிட்டு, மைக்கில் என்ன ஏறுகிறது என்று பதிந்தோம். எல்லாவற்றிலும் டிக் கேட்டது, 280-லும்கூட. வெளிச்சத்தத்தை 32 டெசிபல் வரை தடுக்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் மாடல் அது.

“ஜிமிக்கியைக் கழற்றிட்டு மாட்டிப் பாரும்மா” என்றேன்.

“கண்ணாடியையும் கழற்றவா மாமா?”

இரண்டையும் கழற்றியதும் திண்டு கன்னத்தோடு படிந்தது. 280-ல் டிக் காணாமல் போயிற்று. பாஸும் கூடியது. திண்டுக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை சந்து இருந்தாலும் கீழ்ச்சுரம் அதன் வழியே ஓடிவிடும். கண்ணாடிக் காம்பு போட்டுக்கொண்டு ஒருவர் கேட்பதும் வெறுங்காதோடு இன்னொருவர் கேட்பதும் ஒரே ஹெட்ஃபோனாக இருக்காது. நீங்கள் படிக்கும் எந்த மதிப்புரையையும் இதை மனத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அவள் 280-ஐ வைத்துக்கொண்டாள். பாடும்போது அது. உதட்டுச் சத்தத்தையும் வெட்டுகளையும் தேட 7506. கடைசியாகக் குரலையும் தம்புராவையும் அளவு பார்த்துச் சேர்ப்பதை மூடிய எதிலும் செய்வதில்லை, ஸ்பீக்கரில்தான் செய்கிறாள். வாங்கப் போகிறவர்கள் திண்டு தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். டெல்லி மே மாதத்து வியர்வையில் செயற்கைத் தோல் சீக்கிரம் உரியும். உரிந்த திண்டு தோலோடு படியாது, லீக் திரும்பிவிடும், பாஸும் போய்விடும். பழைய ஜோடியைப் புதியதோடு ஒப்பிடுவதானால் பழையதற்கு முதலில் புதுத் திண்டு மாட்டிக்கொள்ளுங்கள்.