யிப்ஸ்

யிப்ஸ் என்பது கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில், நன்கு பயிற்சி பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் தாம் பல்லாயிரம் முறை செய்து பழகிய எளிய அசைவொன்றைச் செய்ய முனையும்போது அவரது கையும் மணிக்கட்டும் அவர் விருப்பமின்றி வெட்டியிழுப்பதையோ, நடுங்குவதையோ, அசைய மறுத்து உறைந்துபோவதையோ குறிக்கும் சொல்லாகும். குழிக்கு மிக அருகில், மூன்று நான்கு அடித் தொலைவிலிருந்து பந்தை மெல்லத் தட்டி உருட்டும்போதே இது மிகுதியாகத் தோன்றுகிறது. ஆட்டக்காரர்கள் 'பட்' என்று சொல்லும் இந்த மென்தட்டலுக்கு வலிமையோ விரைவோ தேவையில்லை, சிறுவர்களும் செய்யக்கூடியது. இருநூறு மீட்டருக்கு அப்பால் பந்தைக் குறி தவறாமல் அடிக்கவல்ல ஒருவர் மூன்றடித் தொலைவில் கைவிடப்பட்டவர்போல் நிற்பது காண்போருக்கு விளங்காத புதிராகவே இருந்துவந்துள்ளது.

நீண்ட காலம் இது மனவுறுதியின்மையாக, சில வேளைகளில் கோழைத்தனமாகவே கருதப்பட்டது. 1980களின் இறுதியிலிருந்து வெளிவந்த நரம்பியல் ஆய்வுகள் இக்கருத்தைப் பெருமளவு மாற்றியுள்ளன.

பெயர்

இச்சொல்லைப் பரவச் செய்தவர் இசுக்கொட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஆடிய டாமி ஆர்மர் (1896–1968) ஆவார். முதல் உலகப்போரில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த இவர், 1927இல் அமெரிக்க ஓப்பனையும் 1930இல் பிஜிஏ வாகையர் பட்டத்தையும் 1931இல் பிரித்தானிய ஓப்பனையும் வென்றவர். போரையும் கண்ணிழப்பையும் கடந்து வந்தவரது கைகளே மென்தட்டலின்போது துள்ளத் தொடங்கின. அச்சமே காரணம் என்போருக்கு ஆர்மரின் வாழ்க்கை எளிதில் விடையளிக்க முடியாத கேள்வியாகும்.

பெயர் தோன்றுமுன்பே நோய் இருந்தது. பிரித்தானிய ஓப்பனை ஆறு முறை வென்ற ஹாரி வார்டன் (1870–1937), குறுந்தொலைவுத் தட்டல்களில் தமது வலக்கை திடீரெனத் துள்ளுவதைத் தாமே எழுதியுள்ளார்.

அறிகுறிகள்

யிப்ஸ் புதியவர்களைவிடப் பல ஆண்டுகள் ஆடித் தேர்ந்தவர்களையே பெரிதும் தாக்குகிறது. நெடுந்தொலைவுத் தட்டல்களில் காணப்படாமல் குறுந்தொலைவில் தோன்றுவதும், பயிற்சியின்போது மறைந்திருந்து போட்டியின்போது வெளிப்படுவதும் உண்டு. வலக்கை ஆட்டக்காரர்களிடம், தட்டலை வழிநடத்தும் வலக்கையே பெரும்பாலும் துள்ளுகிறது. கோல் பந்தைத் தொடும் நொடியில், அல்லது அதற்குச் சற்று முன்னர், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். பந்து குழியைக் கடந்து ஓடும், அல்லது பாதி வழியில் நின்றுவிடும். வேறு சிலரிடம் துள்ளல் இராது. கோலைப் பின்னால் எடுக்கவே இயலாமல் பந்தின் மேல் குனிந்தபடி நிற்பர். அமெரிக்காவின் பென் ஹோகன் தமது பிற்காலத்தில் இந்த இரண்டாம் வகைக்கு ஆளானார். 1956 அமெரிக்க ஓப்பனின் கடைசிக்கு முந்திய குழியில் மூன்றடிக்கும் குறைந்த தொலைவில் அவர் பந்தைத் தவறவிட்டார். கேரி மிடில்காஃப் ஓர் அடி வேறுபாட்டில் பட்டத்தை வென்றார்.

2016ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியின் முதற்குழியிலேயே தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் சுமார் மூன்றடித் தொலைவிலிருந்து தொடங்கி ஆறு முறை தட்ட வேண்டியதாயிற்று. நான்கு பெரும்போட்டிகளை வென்ற ஒருவருக்கு உலகம் பார்த்திருக்க நேர்ந்தது இது.

எல்லாத் தடுமாற்றமும் யிப்ஸ் அன்று. 1991இல் பிரித்தானிய ஓப்பனை வென்ற ஆத்திரேலியரான இயன் பேக்கர்-ஃபின்ச், 1997இல் அதே போட்டியின் முதற்சுற்றில் 92 அடிகள் எடுத்து விலகினார். அவருக்குச் சிக்கல் மென்தட்டலில் அன்று, தொடக்க அடியில் இருந்தது. இதனையும் பலர் யிப்ஸ் என்பர். ஆயினும் தன்னம்பிக்கை முழுவதும் குலைந்ததன் விளைவாக இதைக் கொள்வதே பொருத்தம்.

நரம்பா, மனமா?

யிப்ஸ் பற்றிய விவாதம் ஏறத்தாழ முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே நடந்துள்ளது.

நரம்பியலாளர் காட்டும் ஒப்புமை எழுத்துப் பிடிப்பு ஆகும். ஆண்டுக்கணக்கில் பேனா பிடித்து எழுதிய எழுத்தர்களின் கை, எழுதும்போது மட்டும் இறுகி முறுக்கிக்கொள்ளும்; அதே கையால் சட்டைப் பொத்தானைப் போடவோ சோறு பிசையவோ தடையிராது. இது டிஸ்டோனியா எனப்படும் தசையிசிவு நோயின் ஒரு வகை. ஒரு குறிப்பிட்ட செயலின்போது மட்டுமே தோன்றுவது. இசைக்கருவி வாசிப்போரின் விரல்களிலும் இதனைக் காணலாம். ஒரே நுண்ணசைவை அளவின்றித் திரும்பத் திரும்பச் செய்வது இதற்குப் பொதுவான பின்னணியாக அமைகிறது. கைப்பழக்கமே கைக்குப் பகையாகும் நிலை எனலாம்.

1989இல் மெக்டேனியல், கம்மிங்ஸ், ஷெயின் ஆகியோர் 'நியூராலஜி' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, யிப்ஸ் இவ்வகை டிஸ்டோனியாவே என வாதிட்டது. 1992இல் சிட்னியில் பணியாற்றிய இந்திய வம்சாவளி நரம்பு-உளமருத்துவர் பெர்மிந்தர் சச்தேவ், யிப்ஸ் உடைய ஆட்டக்காரர்களையும் அஃது இல்லாதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பாதிக்கப்பட்டோர் இயல்பிலேயே பதற்றம் மிகுந்தவர்கள் என்பதற்கு அவர் ஆய்வில் சான்று கிடைக்கவில்லை. இதனைப் பதற்றநோயாகக் கொள்வதற்கு எதிரான சான்றாகவே தமது முடிவை அவர் முன்வைத்தார். 2005இல் சார்லஸ் ஆட்லரும் உடன் ஆய்வாளர்களும் யிப்ஸ் உள்ள 10 பேர், இல்லாத 10 பேர் ஆகியோரின் முன்கைத் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தித் தட்டச் செய்தனர். முதற்குழுவில் 5 பேரிடம், மணிக்கட்டை மடக்கும் தசையும் நிமிர்த்தும் தசையும் ஒருசேரச் சுருங்கின. மற்றக் குழுவில் ஒருவரிடமும் அவ்வாறு நிகழவில்லை. எதிரெதிர்த் தசைகள் ஒரே வேளையில் இழுத்துக்கொள்வது டிஸ்டோனியாவின் அடையாளமாகும்.

எஞ்சிய 5 பேரின் நிலையை உளவியல் விளக்க முற்படுகிறது. ஓர் அசைவைக் கற்கும்போது நாம் அதனை விதிகளாகப் பிரித்து அறிகிறோம். தேர்ச்சி வந்தபின் அவ்விதிகளை மறந்து கை தானே செய்கிறது. நெருக்கடியின்போது ஆட்டக்காரர் மறந்த விதிகளை மீண்டும் நினைவுக்குக் கொணர்ந்து ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கத் தொடங்கினால் ஓட்டம் அறுபடுகிறது. படியில் இறங்கும்போது காலைப் பார்த்துக்கொண்டே இறங்குபவர் தடுக்கி விழுவது போன்றது இது. பிரித்தானிய உளவியலாளர் ரிச் மாஸ்டர்ஸ் 1992இல் வெளியிட்ட சோதனை இத்துறையில் புகழ்பெற்றது. மென்தட்டலைப் புதிதாகக் கற்போருள் ஒரு பகுதியினருக்கு எழுதப்பட்ட அறிவுரைகள் தரப்பட்டன. மற்றொரு பகுதியினர் எழுத்துகளை வரிசையின்றிச் சொல்லிக்கொண்டே அறிவுரையின்றிக் கற்றனர். பின்னர் நெருக்கடி ஏற்படுத்தப்பட்டபோது, விதிகளை அறியாமல் கற்றவர்களே தடுமாறாதிருந்தனர்.

மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்ன்ஸ்லி ஸ்மித்தும் அவர் குழுவினரும் 2003இல் இரு கருத்துகளையும் இணைத்தனர். அவர்கள் கூற்றுப்படி யிப்ஸ் ஒரு தனி நோயன்று; ஒரு முனையில் டிஸ்டோனியாவும் மறுமுனையில் நெருக்கடித் திணறலும் உள்ள ஒரு நெடுங்கோடு. ஒவ்வோர் ஆட்டக்காரரும் அக்கோட்டில் எங்கேனும் ஓரிடத்தில் இருக்கிறார். இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் இதுவே. 'அஞ்சாதே, துணிந்து தட்டு' என்ற அறிவுரை ஏன் பலருக்குப் பயன்படவில்லை என்பதும் இதனால் தெளிவாகிறது; தசை முறுக்கிக்கொள்பவரிடம் துணிவைக் கேட்பது, எழுத்துப் பிடிப்பு உள்ளவரைக் கையெழுத்துப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

பெர்ன்ஹார்ட் லாங்கர்

யிப்ஸிலிருந்து மீண்டவர்களுள் முதன்மையாகச் சொல்லப்படுபவர் செருமனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் (பிறப்பு 1957). 'ஒருமுறை வந்தால் என்றும் உண்டு' என்னும் பொருள்பட ஆங்கில எழுத்தாளர் ஹென்றி லாங்ஹர்ஸ்ட் கூறியதற்கு மாற்றாகக் காட்டப்படுபவரும் இவரே. ஆனால் லாங்கருக்கும் யிப்ஸ் ஒருமுறை வந்து ஒழிந்துவிடவில்லை. திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு முறையும் அவர் வேறொரு வழியைக் கண்டார்.

சிறுவயதில் கேடியாக வேலை செய்து பதினைந்து வயதில் தொழில்முறைக்கு வந்த லாங்கர், மெதுவான செருமானியப் பசுந்தரைகளில் பழகியவர். 1970களின் நடுவில் ஐரோப்பியப் போட்டிகளின் விரைவான தரைகளுக்கு வந்தபோது கை துள்ளத் தொடங்கியது. முதல் மாற்றமாக, குறுந்தொலைவுத் தட்டல்களுக்கு மட்டும் இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்துக் கோலைப் பிடித்தார். 1985இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றது இம்முறையில்தான். 1980களின் இறுதியில் சிக்கல் மீண்டது. இம்முறை அவர் கையாண்ட பிடி காண்பதற்கே விந்தையானது: கோலின் தண்டை இடமுன்கையோடு சேர்த்து வைத்து, இரண்டையும் வலக்கையால் கவ்விப் பிடித்தார். மணிக்கட்டு மடங்குவதற்கே இடமில்லாமல் செய்வது இதன் நோக்கம்.

1991 ரைடர் கோப்பையில், தென் கரோலினாவின் கியாவா தீவில், ஐரோப்பிய அணி கோப்பையைத் தக்கவைத்துக்கொள்வது அவருடைய கடைசி ஆறடித் தட்டலைப் பொறுத்திருந்தது. பந்து குழியின் விளிம்பைக் கடந்து சென்றது. அமெரிக்கா 14½–13½ என வென்றது. அடுத்த வாரமே செருமன் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசிக் குழியில் அதனினும் நீண்ட தட்டலை உள்ளே இட்டு, சமநிலை முறிப்பில் லாங்கர் பட்டம் வென்றார். 1993இல் அதே முன்கைப் பிடியுடன் இரண்டாம் முறை மாஸ்டர்ஸையும் வென்றார்.

பின்னர் அவர் மார்பளவு உயரும் நீளக் கோலுக்கு மாறினார். கோலின் மேல்முனையை உடலில் ஊன்றித் தட்டுவது 2016ஆம் ஆண்டு சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டபோது, அவரது ஆட்டம் முடிந்தது எனப் பலரும் கருதினர். அவர் கோலை மாற்றவில்லை. மேற்கையை மார்பிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துத் தொடர்ந்து ஆடினார். 2023இல் தமது 65ஆம் வயதில் அமெரிக்க மூத்தோர் ஓப்பனை வென்று, மூத்தோர் சுற்றில் ஹேல் இர்வின் வைத்திருந்த 45 வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்தார். 1991இல் கியாவா தீவில் அந்தக் கடைசித் தட்டலின்போது எதிரணியில் நின்றவர் அதே ஹேல் இர்வின். 2024 நவம்பரில் லாங்கர் 47ஆவது வெற்றியையும் பெற்றார்.

மீளும் முறைகள்

பலரும் கைக்கொண்ட முறைகள் பெரும்பாலும் ஒரே அடிப்படையைக் கொண்டவை: மூளைக்கு அது பழகிய செயலாகத் தோன்றாதவாறு அசைவை மாற்றுவது. இடக்கையைத் தாழ்த்திப் பிடித்தல், வலக்கை விரல்களை நகம்போல் வளைத்துக் கோலைத் தொடும் 'நகப்பிடி', தடித்த கைப்பிடி, நீளக் கோல் ஆகியன இவ்வகையின. எசுப்பானியாவின் செர்கியோ கார்சியா 2017இல் மாஸ்டர்ஸை நகப்பிடியுடன் வென்றார். மாற்றத்தின் பயன் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடுவதும் உண்டு. புதிய அசைவும் பழகிவிடுகிறது.

அமெரிக்காவின் சாம் சினீட் பந்துக்கு இருபுறமும் கால்களை விரித்து நின்று, முன்னோக்கி ஆட்டித் தட்டும் முறையை 1960களில் கையாண்டார். தட்டும் கோட்டின் இருபுறமும் நிற்பது 1968 முதல் தடைசெய்யப்பட்டது. சினீட் இரண்டு கால்களையும் கோட்டின் ஒரே பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு அப்படியே தட்டினார். விதி வகுப்போர் கண்ணில் இவை ஆட்டத்தின் இயல்பான அசைவைத் தவிர்க்கும் குறுக்குவழிகள். பாதிக்கப்பட்டோர் கண்ணில் ஊன்றுகோல்கள். 2011 முதல் 2013 வரை கீகன் பிராட்லி, ஆடம் ஸ்காட் முதலியோர் யிப்ஸ் பேச்சே இன்றி ஊன்றுமுறையால் பெரும்போட்டிகளை வென்றதே தடையை விரைவுபடுத்தியது. நலமுள்ளவர்களின் வெற்றிக்காக நோயுற்றவர்களின் ஊன்றுகோல் பறிக்கப்பட்டது என்ற குறை இன்றும் கூறப்படுவதுண்டு.

மனம்சார் பயிற்சிகளில், தட்டுமுன் மாறாத ஒரே வரிசையில் சில செயல்களைச் செய்தல், கையைப் பற்றி எண்ணாமல் பந்து செல்லும் வழியை எண்ணுதல், பந்தைப் பாராமல் குழியைப் பார்த்தபடி தட்டுதல் ஆகியன குறிப்பிடத்தக்கவை. கடைசி முறையை அமெரிக்காவின் ஜார்டன் ஸ்பீத் குறுந்தொலைவில் கையாண்டுள்ளார். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் ஆராய்ந்த 'அமைதிப் பார்வை' பயிற்சியில், பந்தின் ஒரு புள்ளியில் ஏறத்தாழ இரண்டு நொடிகள் கண்ணை நிறுத்தப் பழக்குவர்.

நடுக்கத்தைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள் குழிப்பந்தாட்டப் போட்டிகளில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளன.

பிற விளையாட்டுகளில்

அம்பெறி ஆட்டத்தில் அம்பைக் கைவிட இயலாத நிலைக்கு 'டார்ட்டைட்டிஸ்' என்று பெயர். ஐந்து முறை உலக வாகையரான எரிக் பிரிஸ்டோ 1980களில் இதற்கு ஆளானார். கிரிக்கெட்டில் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்களிடம் இது கூடுதலாகப் பேசப்படுகிறது. இங்கிலாந்தின் கீத் மெட்லிகாட் பந்தை விடுவிக்க இயலாமல் 1991இல் 26 வயதிலேயே ஓய்வு பெற்றார். அதே ஆண்டுகளில் வேகப்பந்து வீச்சாளர்களும் தப்பவில்லை என்பதற்கு, 2001இல் லார்ட்ஸ் திடலில் நடந்த இறுதிப்போட்டியில் ஸ்காட் பாஸ்வெல் வீசிய 14 பந்துகள் கொண்ட ஓவரைப் பிற்காலச் சான்றாகக் கூறலாம்.

இந்தியாவில்

கொல்கத்தாவில் 1829இல் ராயல் கல்கத்தா கோல்ஃப் கழகம் தோன்றியது. தமிழ்நாட்டில் கொடைக்கானல் கோல்ஃப் கழகம் 1895இல் தொடங்கப்பட்டது. இத்தனை நீண்ட வரலாறு இருந்தும் இவ்வாட்டம் இங்கே மலைநகரங்கள், படைத்துறைத் திடல்கள், பெருநகரக் கழகங்கள் ஆகியவற்றைத் தாண்டிப் பரவவில்லை. ஆகவே யிப்ஸ் என்ற சொல்லைத் தமிழர் பெரும்பாலும் கிரிக்கெட் வழியாகவே கேட்கின்றனர். அங்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, சேப்பாக்கத்தில் 1986இல் சமன் ஆன ஆத்திரேலிய டெஸ்ட் போட்டியில் கடைசியாக ஆட்டமிழந்த மணிந்தர் சிங் ஆவார். பதினேழு வயதில் இந்திய அணிக்கு வந்த இந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர், 1987இல் பெங்களூருவில் பாக்கித்தானுக்கு எதிராக 27 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் பந்துவீச்சின் இயல்பான ஓட்டம் அவரிடமிருந்து நழுவியது. அணியிலிருந்து விலக்கப்பட்டு, 1993இல் தில்லியில் சிம்பாப்வேக்கு எதிராக ஒரு டெஸ்டுக்குத் திரும்பி ஏழு விக்கெட்டுகள் எடுத்தார். அவருடைய 35ஆவதும் இறுதியுமான டெஸ்ட் அதுவே.

யிப்ஸின் உறவுநோயான எழுத்துப் பிடிப்பு இந்திய மருத்துவத்துக்குப் புதியதன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் அதைப் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. முறுக்கும் தசையில் போட்டுலினம் நச்சைச் சிறிய அளவில் ஊசிவழிச் செலுத்துவது எழுத்துப் பிடிப்புக்குரிய சிகிச்சைகளுள் ஒன்று. குழிப்பந்தாட்டக்காரர்களிடமும் இது முயலப்பட்டுள்ளது; ஆயினும் ஊசி தசையின் வலிமையையும் சேர்த்துக் குறைப்பதால், நுட்பமான தட்டல் தேவைப்படும் ஓர் ஆட்டத்தில் அதனைக் கையாள்வது எளிதன்று.