‘டாம் மாமாவின் குடிசை’யும் ஒரு சட்டமும்

1850இல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய தப்பியோடிய அடிமைகள் சட்டம், அடிமை முறையைக் கைவிட்டிருந்த வட மாநிலத்தாரையும் அதற்கு உடந்தையாக்கியது. தப்பி வந்தவருக்குப் புகலிடம் தந்தால் 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைக்கும் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம். விடுவித்தால் 5 டாலர்தான்.

இந்த அநீதி கண்டு கொதித்தே ஹாரியட் பீச்சர் ஸ்டோ ‘டாம் மாமாவின் குடிசை’யை எழுதினார். போதகரின் மகளான அவர் 18 ஆண்டுகள் சின்சினாட்டியில் வாழ்ந்தவர். ஒஹையோ ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது அடிமை மாநிலமான கென்டக்கி. தப்பி வந்தவர்களின் கதைகளைச் சின்சினாட்டியில்தான் கேட்டறிந்தார். 1849இல் கைக்குழந்தையைக் காலராவுக்குப் பறிகொடுத்தபோது, பிள்ளையை ஏலத்தில் இழக்கும் அடிமைத் தாயின் வேதனை அவருக்கு விளங்கியது.

1851 ஜூனில் வாஷிங்டனின் ‘நேஷனல் எரா’ வார இதழில் தொடராகத் தொடங்கிய கதை, 1852 மார்ச்சில் பாஸ்டனில் நூலாக வந்தது. ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 3 லட்சம் பிரதிகள் விற்றன. பிரிட்டனில் விற்பனை இதையும் மிஞ்சியது.

அடிமை ஒழிப்பு இயக்கத்தாரின் துண்டறிக்கைகளைத் தொட்டும் பாராத குடும்பங்கள்கூட இக்கதையைப் படித்தன. ஒரு காட்சியே காரணத்தைச் சொல்லும். மகன் விற்கப்பட்டதை அறிந்த எலைசா, அவனை அணைத்துக்கொண்டு மிதக்கும் பனிப்பாளங்களில் தாவி ஆற்றைக் கடக்கிறாள். அவள் அடைக்கலம் புகும் வீட்டுக்காரர், தப்பி வந்தவர்களுக்கு உதவுவதைத் தடுக்கும் சட்டத்துக்கு வாக்களித்துத் திரும்பியிருக்கும் செனட்டர். அண்மையில் இறந்த தங்கள் பிள்ளையின் உடைகளை அவர் மனைவி எலைசாவின் மகனுக்காக எடுத்துத் தருகிறாள். அன்றிரவே செனட்டர் தாமே வண்டியில் இருவரையும் பத்திரமான இடத்துக்கு அழைத்துச் செல்கிறார். சட்டத்துக்குப் பணிவதா, மனசாட்சிக்கா என்ற கேள்வி வாசகரின் வீட்டுக் கேள்வியாகிவிட்டது. எந்த மேடைப் பேச்சும் இதைச் சாதித்ததில்லை.

குறைகளும் உண்டு. விடுதலை பெற்றவர்களை லைபீரியாவுக்கு அனுப்பும் கதை முடிவைக் கறுப்பினத் தலைவர்கள் கண்டித்தனர்; அடிமை ஒழிப்புத் தலைவர் பிரெடரிக் டக்ளஸோ நூலின் பயனை உணர்ந்து ஆதரித்தார்.

தெற்கில் மறுப்பு நாவல்கள் குவிந்தன. எல்லாம் கற்பனை என்ற குற்றச்சாட்டுக்கு, நீதிமன்றப் பதிவுகளையும் செய்தித்தாள் விளம்பரங்களையும் திரட்டி 1853இல் ஸ்டோ தனி நூலாகவே விடையளித்தார். அதே ஆண்டு, அடிமை முறையை ஒழிக்கக் கோரி 5 லட்சத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் பெண்கள் கையெழுத்திட்ட முறையீடு 26 தொகுதிகளாக அவரிடம் சேர்ந்தது. மேரிலாந்திலோ இந்நாவலை வைத்திருந்ததற்காக சாமுவேல் கிரீன் என்ற சுதந்திரக் கறுப்பினப் போதகருக்கு 1857இல் 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு 1862இல் விடுவிக்கப்பட்டார்.