மேசைக்கு அடியில் ஒரு வெடிகுண்டு

1899-ஆம் ஆண்டு இலண்டன் புறநகரான லேட்டன்ஸ்டோனில், காய்கறி வணிகம் செய்துவந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றில் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் பிறந்தார். இயேசு சபையினரின் புனித இஞ்ஞாசியார் பள்ளியில் பயின்றார். அச்சம் தமக்குள் வலுப்பெற்றது அங்கேதான் என்று பிற்காலத்தில் அவரே கூறியதுண்டு. மணியோசைக்கு அஞ்சியே குருமடத்தில் வளர்ந்த எனக்கு அதில் வியப்பில்லை.

1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் தம் கலையின் அடிப்படையை அவர் விளக்கினார். இருவர் பேசிக்கொண்டிருக்கையில் மேசைக்கு அடியில் குண்டு வெடித்தால், பார்ப்பவருக்குச் சில நொடி அதிர்ச்சிதான். குண்டு இருப்பதை முன்னரே காட்டிவிட்டால், அதே வெற்றுப் பேச்சு பல நிமிடப் பதைபதைப்பாக மாறிவிடும். ஆக, திகிலின் வேர் அறியாமையில் இல்லை. அறிந்தும் தடுக்க இயலாமையில் இருக்கிறது.

1956-இல் வெளிவந்த 'அதிகம் அறிந்த மனிதன்' படத்தில் இசையே அந்தக் குண்டு. ஆல்பர்ட் அரங்கின் இசை நிகழ்ச்சியில், கைத்தாளம் மோதும் கணத்தில் துப்பாக்கி வெடிக்கும் என்பதை நாம் முன்பே அறிவோம். ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் உரையாடலே இல்லை. கேமரா தாளக் கருவிக்கும் கொலைஞனுக்கும் கலங்கி நிற்கும் தாய்க்கும் மாறி மாறிச் செல்கிறது. திரையில் இசைக்குழுவை நடத்துபவர் பெர்னார்ட் ஹெர்மன்.

அதே ஹெர்மன்தான் 1960-இல் 'சைக்கோ'வுக்குத் தந்திக் கருவிகளை மட்டும் கொண்டு இசையமைத்தார். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார் ஹிட்ச்காக். ஹெர்மனோ அலறும் வயலின்களை எழுதிக் காட்டினார். இயக்குநர் தம் எண்ணத்தைக் கைவிட்டார். அப்பணிவையும் நாம் பாராட்ட வேண்டும்.

ஆயினும் நம்மை நெருங்கித் தொடுவது, அவ்வளவாகப் பேசப்படாத 1953-ஆம் ஆண்டுப் படமான 'நான் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன்'. கியூபெக் நகரில் கொலை செய்த கோவில்பிள்ளை, அன்றிரவே அருட்தந்தை லோகனிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். பழி குருவின் மீதே விழுகிறது. அவரோ வாய் திறக்க முடியாது. டிமிட்ரி தியோம்கினின் இசையில், மரித்தோர் திருப்பலியில் நம் முன்னோர் இலத்தீனில் பாடிய கடுஞ்சினநாள் பாடலின் மெட்டு ஊடாடுகிறது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

மறுநாள் காலை உணவறை. குருக்கள் வழக்கம்போல் அளவளாவுகின்றனர். கொலைஞனின் மனைவி பரிமாறியபடி மேசையைச் சுற்றி வருகிறாள். கேமரா அவளுடைய பார்வையை விடாது பற்றுகிறது. லோகனின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அவருடைய முகத்தில் அவள் தேடுகிறாள். குண்டு இம்முறை மேசைக்கு அடியில் இல்லை, ஒரு குருவின் நெஞ்சுக்குள் இருக்கிறது.

ஒப்புரவின் இரகசியத்துக்காக ஒருவர் உயிரையும் இழக்கத் துணிவார் என்பதைக் கத்தோலிக்கர் அல்லாதார் நம்பவில்லை. எனவே இப்படத்தை எடுத்திருக்கவே கூடாது என்று ஹிட்ச்காக் வருந்தினார். அவர் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஒப்புரவு வழங்கிவிட்டு உணவறைக்கு வந்து, ஒழுகும் கூரையைப் பற்றி உபதேசியாரோடு பேசிக்கொண்டே காப்பி அருந்திய காலைகள் எனக்கும் உண்டு.